காயத்துக்கு இழப்பீடு ஓர் ஆண்டா?

அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் இன்னும் ஓராண்டு தன் அணிக்காக ஆடலாமா, கூடாதா என்பதைத் தீர்மானிப்பது இப்போது நீதிமன்றங்களின் வேலையாகிவிட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டியேகோ பவியா மேலும் ஒரு பருவம் ஆடுவதற்கு, டென்னசி மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2024 டிசம்பரில் வழிவிட்டது. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் அவர் முன்பு ஆடிய பருவங்களையும் கணக்கில் சேர்ப்பது சந்தைப் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்பது அவருடைய வாதம். விஸ்கான்சின் பல்கலைக்கழக வீரர் நைசியர் ஃபோர்குரீனுக்கு 2025 பிப்ரவரியில் அங்குள்ள நீதிமன்றம் அதைப் போன்ற ஆணையை வழங்கியது. ஜூலையில் ஏழாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிப்புத்தகம் ஒன்றுதான். ஆனால் எந்த மாநிலத்தில் வழக்குத் தொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாணவரின் தலைவிதி மாறுகிறது.

இந்த வழக்குகள் எழுப்பும் இரைச்சலில், அதே விதிப்புத்தகத்தின் பழைய பகுதி ஒன்று கவனம் பெறாமல் போகிறது. அதுதான் காயமடைந்த மாணவ வீரர்களுக்கான மருத்துவ இடர்ப்பாட்டு விலக்கு. நட்சத்திர வீரர்களின் வழக்குகளைவிட இதுவே பெரும்பான்மை மாணவர்களைத் தொடும் விஷயம். என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கீழ் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆடுகிறார்கள். அவர்களில் தொழில்முறை விளையாட்டுக்குச் செல்வோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மற்றவர்களுக்குக் கல்லூரிப் பருவமே விளையாட்டு வாழ்வின் முதலும் முடிவும்.

விதியின் அடிப்படை எளிது. முதல்நிலைப் பிரிவில் ஆடும் மாணவர், கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாள் முதல் ஐந்தாண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். ஒரு நிமிடம் களமிறங்கினாலும் ஒரு பருவம் கழிந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். காயத்தால் ஒரு பருவம் வீணானால் அதைத் திருப்பித் தருவதுதான் விலக்கு. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. காயம் பருவத்தின் முதற்பாதியில் ஏற்பட்டிருக்க வேண்டும். அதுவரை ஆடிய போட்டிகள் மூன்று அல்லது மொத்தப் போட்டிகளில் 30 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டியிருக்கக் கூடாது. எஞ்சிய பருவம் முழுவதும் ஆட இயலாத நிலை என்பதைக் காயம்பட்ட காலத்திலேயே எழுதப்பட்ட மருத்துவ ஆவணம் காட்ட வேண்டும். விழுக்காட்டில் பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாகக் கொள்வார்கள். 29 ஆட்டங்கள் கொண்ட கூடைப்பந்துப் பருவத்தில் 30 விழுக்காடு என்பது 8.7; ஆகவே ஒன்பது ஆட்டங்கள் வரை ஆடியிருக்கலாம். பத்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் முழங்கால் தசைநார் அறுந்தால் அந்தப் பருவம் போனது போனதுதான்.

எல்லைக்கோடு எங்கேனும் போடத்தான் வேண்டும். 75 விழுக்காடு வருகைப் பதிவுக்கு ஒரு நாள் குறைந்த மாணவரின் கண்ணீரைப் பார்த்திராத பேராசிரியர் நம் நாட்டில் இருக்க முடியாது. என் கவலை கோட்டைப் பற்றியது அன்று. இந்த விதி காயம்பட்ட மாணவரை எப்படி நடந்துகொள்ளத் தூண்டுகிறது என்பதே பொருளியல் படித்தவன் கேட்க வேண்டிய கேள்வி.

ஏழாவது ஆட்டத்தில் கணுக்காலில் எலும்பு முறிந்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். பத்து வாரங்களில் ஓரளவு குணமாகிறது. பருவத்தின் கடைசி மாதம் எஞ்சியிருக்கிறது. பயிற்சியாளர் அழைக்கிறார், அணிக்கு அவர் தேவை. களமிறங்கி இரண்டு ஆட்டங்கள் ஆடுகிறார். பழைய முறிவு மீண்டும் வலிக்க, அமர்ந்துவிடுகிறார். விதிப்படி அவருக்கு விலக்கு இல்லை. முதற்பாதியில் காயமடைந்து, பிற்பாதியில் திரும்ப முயன்று, அதே காயம் மோசமாகி விலகுபவர் தகுதி இழக்கிறார் என்பது விதிப்புத்தகத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. முயலாமல் வீட்டில் இருந்திருந்தால் ஓராண்டு கிடைத்திருக்கும். ஒருபுறம் அணிப்பற்றைப் போற்றும் அமைப்பு, மறுபுறம் அதே அணிப்பற்றுக்கு அபராதம் விதிக்கிறது. அந்த அபராதத்தின் அளவு, 'திரும்பி வா' என்று அழைத்த பயிற்சியாளருக்குத் தெரியும். பத்தொன்பது வயது மாணவிக்கு யாரேனும் அதைச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

இன்னொரு பொறி, ஐந்தாண்டுக் கடிகாரத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த மாணவரை முதலாண்டில் போட்டிகளில் இறக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்து வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். 'ரெட்ஷர்ட்' என்று அதற்குப் பெயர். ஒருவர் முதலாண்டு இப்படி உட்கார வைக்கப்படுகிறார், இரண்டாம் ஆண்டு ஆடுகிறார், மூன்றாம் ஆண்டு காயம், விலக்கும் கிடைக்கிறது, நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் ஆடுகிறார். ஆடியவை மூன்று பருவங்கள். கணக்கில் இன்னும் ஒன்று மிச்சம். ஆனால் ஐந்தாண்டு முடிந்துவிட்டது. குடும்ப அட்டையில் சர்க்கரை ஒதுக்கீடு இருக்கிறது, கடையைப் பூட்டிவிட்டார்கள் என்கிற கதைதான். கடிகாரத்தை நீட்டித்து ஆறாம் ஆண்டு பெற வேண்டுமானால், தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் இரண்டு பருவங்களை இழந்திருப்பதைக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் உட்கார வைத்த ஆண்டு அந்தக் கணக்கில் வராது. அந்த முடிவை மாணவர் எடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அது அவர் விருப்பத்தின்பாற்பட்டதாகவே கொள்ளப்படுகிறது.

கால்பந்தில் 2018 முதல் நிலைமை சற்று மாறியது. நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் பருவம் கழியாது என்று விதியைத் தளர்த்தினார்கள். பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 30 விழுக்காடு என்பதும் நான்குதான். ஆக, காயமே இல்லாத ஒருவர் எந்த நான்கு ஆட்டங்களையும் தேர்ந்துகொள்ளலாம். காயமடைந்தவரோ முதற்பாதியில், சான்றுகளோடு, மீண்டும் களமிறங்காமல் இருந்தால்தான் விலக்கு. நலமுள்ளவருக்கு இருக்கும் தாராளம் நலிந்தவருக்கு இல்லை.

விண்ணப்பத்தை யார் செய்வது என்பதில்தான் அதிகாரத்தின் முடிச்சு இருக்கிறது. மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. அவருடைய கல்லூரிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பரிசீலிப்பது, அந்தக் கல்லூரி உறுப்பினராக உள்ள 'கான்ஃபரன்ஸ்' என்னும் கூட்டமைப்பு. ஆகவே முதல் முடிவு, 'இந்த மாணவர் அடுத்த ஆண்டு நமக்குத் தேவையா' என்று கேட்கும் அலுவலகத்தில்தான் எடுக்கப்படுகிறது. தேவையென்றால் மருத்துவரின் குறிப்புகள், ஊடுகதிர்ப் படங்கள், அறுவைச் சிகிச்சை அறிக்கை அனைத்தும் ஒழுங்காகச் சேகரிக்கப்படும். தேவையில்லை என்றால் கோப்பு நகராது. நகராததற்கு எவரும் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை.

நேர்மாறான மற்றொரு தாளும் உண்டு. 'இவர் காயத்தால் இனி ஆடவே இயலாதவர்' என்று மருத்துவ அடிப்படையில் ஒதுக்கிவிட்டால், அந்த மாணவரின் உதவித்தொகை அணியின் உச்சவரம்பில் சேராது. உயர்மட்டக் கால்பந்து அணிக்கு 85 உதவித்தொகை என்னும் வரம்பு நெடுங்காலம் இருந்தது. ஒருவரை ஒதுக்கினால் அந்த இடத்தில் புதியவர் ஒருவரைச் சேர்க்கலாம். ஒரே முழங்காலைப் பற்றி 'அடுத்த ஆண்டு திரும்புவார்' என்று ஒரு தாள், 'இனித் திரும்பமாட்டார்' என்று இன்னொரு தாள். எந்தத் தாள் எழுதப்படும் என்பதில் கல்லூரிக்கு அக்கறை இருக்கும்போது, அதே கல்லூரியிடம் ஊதியம் பெறும் மருத்துவரின் நிலை சங்கடமானது. என் பணிக்காலத்தில் வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் விண்ணப்பங்களோடு வரும் மருத்துவச் சான்றிதழ்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் சில சமயம் நோயைச் சொல்லும். சில சமயம் தேவையைச் சொல்லும். அங்கேயாவது தேவை மாணவருடையதாக இருந்தது.

இந்த ஏற்பாடு ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1955இல் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்காக ஆடிய ரே டெனிசன் என்பவர், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் உதவி கேட்டு அவர் மனைவி வழக்காடினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, அவர் ஊழியர் அல்லர் என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் அதே நீதிமன்றம் நான்காண்டுகளுக்கு முன்னர், டென்வர் பல்கலைக்கழக வீரர் ஒருவரை ஊழியராக ஏற்று இழப்பீட்டை உறுதி செய்திருந்தது. இந்த அச்சத்தின் பின்னணியில்தான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் சொல்லே உருவாக்கப்பட்டது. 1951 முதல் 1987 வரை சங்கத்தை நடத்திய வால்டர் பையர்ஸ், ஓய்வுக்குப் பின் எழுதிய நூலில் இதை ஒப்புக்கொண்டார். இழப்பீட்டைத் தவிர்க்கப் பிறந்த சொல் அது. 1974இல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப் ஆட்டத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க இயலாதவரானார். அவருக்கும் 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே பதிலைத்தான் சொன்னது: நீங்கள் ஊழியர் அல்லர். இதற்கிடையே 1973இல், நான்காண்டுக்கு உறுதியாக வழங்கப்பட்ட உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒன்றாகச் சங்கம் மாற்றியிருந்தது. காயமடைந்தவரின் பேரம் பேசும் வலிமை அன்றே பாதியாகக் குறைந்தது. பல்லாண்டு உதவித்தொகைக்கு 2012இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் மருத்துவ விலக்கின் உண்மைத் தன்மை புலப்படும். தொழிலாளிக்குக் காயம் நேர்ந்தால் முதலாளி பணமாகத் தர வேண்டும். மாணவ வீரருக்குக் காயம் நேர்ந்தால் கல்லூரி காலமாகத் தருகிறது. பணம் கல்லூரியின் கருவூலத்திலிருந்து வர வேண்டும். காலம் மாணவரின் ஆயுளிலிருந்தே வருகிறது. கல்லூரிக்கு ஏறத்தாழச் செலவில்லாத இழப்பீடு இது; பல நேரங்களில் அதற்கு ஆதாயமும்கூட.

அந்தக் காலத்தின் விலை இப்போது தலைகீழாக மாறிவிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பொருளீட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த ஹவுஸ் வழக்கின் சமரசம், முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் தர வகை செய்கிறது. 2025-26 முதல் ஒவ்வொரு கல்லூரியும் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம். நேற்றுவரை ஒரு பருவம் என்பது பெருமையும் உதவித்தொகையும்; இன்று அது ஊதியம். ஆகவே விலக்கு மறுக்கப்பட்டால் இழப்பது ஆண்டு வருமானம். வழக்குகள் பெருகியதில் வியப்பில்லை. வழக்குத் தொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள்: பெரும்பாலும், அடுத்த ஆண்டு வருமானம் வழக்கறிஞர் கட்டணத்தைத் தாங்கும் நிலையில் இருக்கும் கால்பந்து, கூடைப்பந்து வீரர்கள். நீச்சல் அணியில் தோள்பட்டை விலகிய மாணவிக்காக எந்த வழக்கறிஞரும் நீதிமன்றப் படியேறுவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேம் மெக்கார்மிக் என்னும் வீரர் 2016இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2018இன் முதல் ஆட்டத்தில் கால் முறிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகள் சிகிச்சையில் கழிந்தன. 2021இல் திரும்பியவருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லா வீரர்களுக்கும் வழங்கப்பட்ட கூடுதல் ஆண்டும் சேர, 2024இல் மயாமி பல்கலைக்கழகத்துக்காகத் தம் ஒன்பதாவது கல்லூரி ஆண்டில் ஆடினார். அவர் விடாமுயற்சியைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் அணியில் இடங்கள் எண்ணப்பட்டவை. ஹவுஸ் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் கால்பந்து அணிக்கு உச்சவரம்பு 105 பேர். இருபத்தைந்து, இருபத்தாறு வயதினர் ஒவ்வோர் ஆண்டு கூடுதலாகத் தங்கும்போதும், பள்ளி முடித்த பதினெட்டு வயதினருக்கு ஓர் இடம் குறைகிறது. அவருக்கு எந்தத் தீர்ப்பிலும் பெயர் இல்லை. எதை இழந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒருவரின் நன்மைக்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் விலை கொடுப்பதை வாய்ப்புச் செலவு என்று முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முன்வைக்கப்படும் யோசனை, 'ஐந்தாண்டுகளில் ஐந்து பருவங்கள்' என்பது. எல்லோரும் ஐந்தாண்டும் ஆடலாம். அதற்குப் பின் இல்லை. விலக்குகளைப் பெரும்பாலும் கைவிடலாம் என்கிறார்கள் ஆதரவாளர்கள். கோப்புகள் குறையும், வழக்குகளும் குறையலாம். நிர்வாகத்துக்கு இதைவிட இனிய விதி இல்லை. ஆனால் நடப்பது என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். இன்றைய விதியில் நலமுள்ளவருக்கு நான்கு பருவங்கள். ஒரு முறை காயமடைந்தவருக்கும் விலக்குக் கிடைத்தால் நான்கு. புதிய யோசனையில் நலமுள்ளவருக்கு ஐந்து. ஒரு முறை காயமடைந்தவருக்கு நான்கு. இரு முறை என்றால் மூன்று. சராசரி உயர்கிறது, காப்பீடு மறைகிறது. ஊரில் எல்லோருக்கும் ஒரு மூட்டை நெல் கொடுத்துவிட்டுப் பயிர்க் காப்பீட்டை நிறுத்திவிடுவதைப் போன்றது இது. வெள்ளம் வராத வயல்காரர் மகிழ்வார்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சென்னையில் டென்னிஸ் கற்ற சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றவர். அந்தப் பாதையில் செல்ல விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் இங்கே இருக்கிறார்கள். மாணவர் விசாவில் செல்லும் அவர்களுக்குக் காயத்தின் விலை இன்னும் அதிகம். முழுநேரப் படிப்பு தொடர்ந்தால்தான் விசா நிலைக்கும். உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும். விசாவின் வேலைக் கட்டுப்பாடுகளால், புதிதாகத் திறந்த வருமான வழிகளிலும் அவர்களுக்குத் தடைகள் அதிகம். சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, காயமடைந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம்.

நான் விலக்கை ஒழிக்கச் சொல்லவில்லை. அதன்மீது ஏற்றப்பட்ட சுமையைக் குறைக்கச் சொல்கிறேன். முதலில், விண்ணப்பிக்கும் உரிமையை மாணவருக்கே கொடுக்க வேண்டும்; மருத்துவக் கருத்தை அணியிடம் ஊதியம் பெறாத மருத்துவரிடமிருந்து பெற வேண்டும். திரும்ப முயன்றவரைத் தண்டிக்கும் பிரிவை நீக்கிவிட்டு, மொத்த ஆட்டங்களின் எண்ணிக்கை ஒன்றையே அளவாகக் கொள்ளலாம். கடிகாரத்தைக் கணக்கிடும்போது பயிற்சியாளர் உட்கார வைத்த ஆண்டை மாணவரின் விருப்பம் என்று பாசாங்கு செய்வதை நிறுத்தலாம். இவை யாவும் ஒரு கூட்டத்தில் முடிகிற திருத்தங்கள்.

பணத்தைத் தொடும் பகுதிதான் கடினம். சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. தொலைக்காட்சி உரிமையில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஈட்டும் பல்கலைக்கழகங்கள், காயத்தால் உதவித்தொகை இழந்த மாணவருக்கு அதற்கு ஈடான உதவியைத் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2012இலேயே சட்டம் இயற்றியது. 2024 ஆகஸ்ட் முதல், முதல்நிலைப் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக் காயங்களுக்கான சிகிச்சையை, மாணவர் வெளியேறிய பின்னும் குறைந்தது இரண்டாண்டுகள் ஏற்க வேண்டும். சங்கத்தின் காப்பீடு, பிற காப்பீடுகள் போக எஞ்சிய செலவை ஒரு காயத்துக்கு 90,000 டாலர் வரை ஏற்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் இதுகூட இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் இருபது வயதில் குருத்தெலும்பு சிதைந்த முழங்கால், மூட்டு மாற்றத்தைக் கேட்பது நாற்பதைத் தாண்டிய பிறகு. ஹவுஸ் சமரசத்தின்படி கல்லூரிகள் பகிரும் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டை நீண்டகால மருத்துவ நிதியாக ஆண்டுதோறும் ஒதுக்கினால், இரண்டாண்டு வரம்பை இருபதாண்டாக நீட்டிப்பது பற்றிப் பேச்சையாவது தொடங்கலாம். அந்தத் தொகையை எந்த விளையாட்டுக்கு எவ்வளவு பிரிப்பது என்று கல்லூரிகள் இப்போதுதான் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன. கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் பெரும்பங்கு போகும் என்று பேசப்படும் அந்தப் பட்டியலில், காயத்துக்கென்று ஒரு வரி சேர்ப்பதற்கு ஏற்ற நேரம் இதுவே.